சிறு மூட்டுகளுக்கு எந்த ப்ரோப்: ஹாக்கி ஸ்டிக்கா, அகல லீனியரா?

அல்ட்ராசவுண்டில் விரல் கணு, மணிக்கட்டு, பாதம் ஆகியவற்றைத்தான் அதிகம் ஸ்கேன் செய்கிறீர்கள், ஒரு ப்ரோப்தான் (தோலில் வைக்கும் கருவி) வாங்க முடியும் என்றால் ஹாக்கி ஸ்டிக்கை, அதாவது ஹாக்கி மட்டை போல வளைந்த சிறு ப்ரோப்பை, எடுங்கள். தோளும் முழங்காலும்தான் பெரும்பகுதி என்றால் அகல லீனியர், அதாவது நேரான அகல முகம் கொண்ட ப்ரோப். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அதிர்வெண் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததே: அதிர்வெண் கூடினால் படம் நுணுக்கமாகும், ஆழம் குறையும். 12 மெகாஹெர்ட்ஸ் லீனியர் தோளின் தசைநாணை எலும்பு வரை காட்டும். 18 மெகாஹெர்ட்ஸ் ஹாக்கி ஸ்டிக் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குக் கீழே மங்கிவிடும். விரலில் அவ்வளவு ஆழமே கிடையாது.

முடிவு செய்ய வேண்டியது அழுத்தத்தை வைத்துத்தான். அகல லீனியரின் முகம் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கும். விரல் கணுவோ வளைவானது. நடுப்பகுதி மட்டும் தோலைத் தொடும், முனைகள் காற்றில் நிற்கும், படத்தின் ஓரம் கறுக்கும். அதைச் சரிசெய்யக் கை தானாக அழுத்தும். உடனே மூட்டிலுள்ள நீர் பக்கவாட்டில் ஒதுங்கும், வீங்கிய சவ்வின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் மூடிக்கொள்ளும், பவர் டாப்ளரில் (ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் முறை) நிறமே வராது. அழற்சி உள்ள மூட்டு 'நார்மல்' என்று ரிப்போர்ட்டில் போய்விடும். மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பதே அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் என்றால், இது சின்னத் தவறா?

ஹாக்கி ஸ்டிக்கின் முகம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர், தலையும் லேசு. ஜெல்லைத் தாராளமாகக் குவித்து, உங்கள் சுண்டுவிரலை நோயாளியின் கையில் ஊன்றிக்கொண்டு, ப்ரோப்பை ஜெல்லில் மிதக்க விடுங்கள். திரையின் உச்சியில், தோலுக்கு மேலே மெல்லிய கறுப்புப் பட்டை தெரிய வேண்டும். அது மறைந்தால் அழுத்துகிறீர்கள். நோயாளி விரல்களைத் தளர்வாக நீட்டி வைக்கட்டும், மடக்கினால் புறங்கைப் பக்கச் சவ்வு இறுகிவிடும். டாப்ளரில் மெதுவான ஓட்டமும் தெரிய, பிஆர்எஃப் (துடிப்புகளை அனுப்பும் வேகம்) 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே, வால் ஃபில்டர் (மெதுவான அசைவுகளை வடிகட்டும் அமைப்பு) குறைவாக. கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவு) இரைச்சல் புள்ளிகள் வரும்வரை ஏற்றி, அவை மறையும் அளவுக்கு மட்டும் இறக்குங்கள்.

இதையெல்லாம் லீனியரிலும் செய்யலாம்தான். ஆனால் பத்து விரலையும் முடிப்பதற்குள் கை சலித்து அழுத்தம் ஏறிவிடும்.

ஹாக்கி ஸ்டிக் தோற்பது நீளத்தில். குதிகால் நாண் கிழிசலின் இரு முனைகளையும் ஒரே படத்தில் பிடிக்க அகல முகம்தான் வேண்டும். மணிக்கட்டில் மீடியன் நரம்பின் குறுக்குவெட்டை அளக்க இரண்டும் சமம்: பைசிஃபார்ம் எலும்பு (மணிக்கட்டின் சிறு எலும்பு) மட்டத்தில், நரம்பின் வெள்ளை விளிம்புக்கு உள்ளே வரையுங்கள், 10 சதுர மில்லிமீட்டரைத் தாண்டினால் கார்பல் டனல் பிரச்சினை, அதாவது மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவது, என்று சந்தேகப்படலாம். ப்ரோப் சாய்ந்தால் நாண் கறுத்து, கிழிசல் போலத் தோன்றும். அந்தத் தொல்லை இரண்டிலும் உண்டு. தோல் கட்டிகளில் இரண்டையும் வைத்துப் பார்த்த அனுபவம் குறைவு என்பதால் அங்கே தீர்ப்பு சொல்லவில்லை.

பழைய ப்ரோப் வாங்குவதானால் ஒரு சோதனை. ஜெல் இல்லாமல், ஒரு பேப்பர் கிளிப்பை முகத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல நகர்த்துங்கள். கூடவே திரையில் நகரும் கோடு எங்காவது மங்கினால் அங்கே ஒலியை அனுப்பி வாங்கும் படிகம் செத்திருக்கிறது.