நாலு அடி நடந்தால் எக்ஸ்ரே இல்லை

ரொறன்ரோவிலிருந்து மூன்று கிழமை லீவில் மட்டக்களப்புக்குப் போன நான், இரண்டாம் நாளே ஆஸ்பத்திரி வாசலை மிதித்தேன். கல்லடிக் கடற்கரைப் பக்கம் வீதியில் கிடந்த மணலில் மோட்டார் சைக்கிள் சறுக்கிவிட்டது. ஓட்டிய மச்சானுக்குக் கணுக்கால், பின்னால் இருந்த எனக்கு வலது மணிக்கட்டு. 1990 என்ற நம்பருக்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும். "இதுக்கெல்லாமா?" என்று மச்சான் ஓட்டோவை மறித்தான்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இளவயது டொக்டர் ஒருவர். மச்சானின் கணுக்கால் நன்றாக வீங்கியிருந்தது. இரண்டு கணு எலும்புகளின் பின்விளிம்பையும் ஆறு சென்ரிமீற்றர் உயரம் வரை அழுத்திப் பார்த்தார், பாதத்திலும் இரண்டு இடம் அமர்த்தினார். "எழும்பி நாலு அடி நடங்க." அமர்த்திய இடங்களில் அவனுக்கு நோ இல்லை, நொண்டிக்கொண்டு நாலு அடியும் நடந்தான். "சுளுக்குத்தான், எக்ஸ்ரே தேவையில்லை."

எனக்குச் சுள்ளென்று வந்தது. இலவச ஆஸ்பத்திரி என்பதால் மிச்சம் பிடிக்கிறீர்களா என்று கேட்டேவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "எங்க இருந்து வந்தீங்க? கனடாவா? கணுக்காலுக்கு எக்ஸ்ரே தேவையா எண்டு இப்பிடிப் பார்க்கிறது உங்கட நாட்டு விதிதான், ஒட்டாவா விதி." 1992இல் அங்கே வெளியானதாம். சரி, என் வெளிநாட்டு வாய் அத்தோடு மூடிக்கொண்டது.

என் கைக்கு மட்டும் துண்டு எழுதினார். எக்ஸ்ரே அறை வேறு கட்டடத்தில், வழிகாட்ட ஒரு பலகை கிடையாது. மூன்று பேரிடம் விசாரித்துப் போய், காற்றாடி ஓடாத விறாந்தையில் முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். படம் பிடிக்க இரண்டு நிமிடம். பிலிம் தரவில்லை, திரையில் தெரிந்ததைப் போனில் எடுத்துக்கொண்டேன்.

படத்தில் முறிவு இல்லை. வீட்டுக்குப் போகலாம் என்று எழும்பினேன். டொக்டர் விடவில்லை. பெருவிரலை நிமிர்த்தச் சொல்லி, அதன் அடியில் விழும் குழியில் அமர்த்தினார். கத்திவிட்டேன். அதற்குள் இருக்கும் ஸ்கஃபோயிட் என்ற சின்ன எலும்பு வெடித்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். அதற்கு இரத்தம் போகும் வழியும் குறைவு, கவனிக்காமல் விட்டால் ஒரு பகுதி செத்தே போகலாம் என்றார். பிளாஸ்டர் போட்டு, பத்து நாள் கழித்து வரச் சொன்னார்.

இரண்டாவது படத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. மச்சான் அதற்குள் மாமாங்கம் கோயிலுக்கு நடந்தே போய் வந்துவிட்டான். எனக்கோ, மாமி வாவி நண்டை உடைத்து உடைத்துக் கோப்பையில் வைக்க, இடது கையில் கரண்டி.