கென்னடி அரை டாலர் ரோல் வாங்குகிறீர்களா? பிரித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

நியூ ஜெர்சியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் பழைய நாணயம் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். 2023 அக்டோபரில் நான் 180 டாலர் கொடுத்து ஏமாந்தேன்.

என் மகனுக்கு 11 வயது. நாணயம் சேர்க்கிறான். பிறந்தநாளுக்கு வெள்ளிக்காசு வேண்டும் என்று கேட்டிருந்தான். சந்தையில் ஒருவர், அமெரிக்க அதிபர் கென்னடியின் முகம் போட்ட அரை டாலர் (50 சென்ட்) காசுகளைக் காகிதத்தில் சுற்றிய ரோல் ஒன்று வைத்திருந்தார், உள்ளே 20 காசு. இரண்டு முனையிலும் 1964 என்று பளிச்சென்று தெரிந்தது. “எல்லாம் கென்னடி, எல்லாம் வெள்ளி. பிரித்தால் மதிப்பு போய்விடும்” என்றார். அன்றைய வெள்ளி விலைக்கு 1964 காசு ஒன்று ஏறக்குறைய எட்டு டாலர் பெறும். கணக்கு சரியாகப் பட்டது, ரொக்கமாகக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் பிரித்து மேசையில் அடுக்கினோம். “அப்பா, இதுக்கு மட்டும் ஓரம் ஏன்ப்பா சிவப்பா இருக்கு?” என்று கேட்டான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. முனைகளில் இருந்த இரண்டு மட்டும்தான் 1964. பதினொன்று 1967 முதல் 1969 வரை உள்ளவை. மீதி ஏழும் 1776-1976 என்று இரட்டை ஆண்டு போட்டவை.

கென்னடி முகம் ஒன்றுதான், உள்ளே உலோகம் மூன்று விதம். 1964இல் 90 சதவீதம் வெள்ளி, எடை 12.5 கிராம். 1965இல் புது நாணயச் சட்டம் வந்தபோது 10 சென்ட், 25 சென்ட் காசுகளில் வெள்ளியை அடியோடு எடுத்துவிட்டார்கள். அரை டாலருக்கு மட்டும் 40 சதவீதம் விட்டுவைத்தார்கள், அதுவும் 1970 வரைதான். எடை 11.5 கிராம், அதில் வெள்ளி 4.6 கிராம். 1964 காசிலோ 11.25 கிராம். ஏமாற்றுகிறவர்களுக்கு இந்த நடுக்கால காசுதான் வசதி, ஏனென்றால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, “வெள்ளி” என்று சொன்னால் பொய்யும் ஆகாது. 1971இலிருந்து புழக்கத்துக்கு வந்தவற்றில் வெள்ளியே கிடையாது. நடுவில் செம்பு, இருபக்கமும் செம்பு-நிக்கல் தகடு. ஓரத்தில் தெரியும் அந்தச் சிவப்புக் கோடு அதுதான்.

மறு வாரம் திரும்பப் போனேன். “40 சதவீதமும் வெள்ளிதானே” என்றார். ஏழு காசில் துளி வெள்ளி இல்லையே என்றதற்கு, 1976 காசு வெள்ளியில் வந்தது என்று சாதித்தார். வந்தது உண்மைதான். ஆனால் அது சான் பிரான்சிஸ்கோவில் சேகரிப்பாளர்களுக்காக அடித்தது, எந்த ஊரில் அடித்தது என்று காட்டும் ‘எஸ்’ எழுத்து முத்திரை இருக்கும். அந்த முத்திரையோடு வெள்ளி இல்லாத காசும் உண்டு, அதனால் ஓரத்தையும் பார்க்க வேண்டும். என்னிடம் இருந்த ஏழிலும் முத்திரையே இல்லை. பணம் திரும்ப வரவில்லை.

சமையலறைத் தராசில் வைத்திருந்தாலே தெரிந்திருக்கும். 20 காசும் 1964 என்றால் 250 கிராம் வர வேண்டும், தேய்மானத்துக்குக் கொஞ்சம் குறையலாம். என் ரோல் 231 கிராம். சின்னத் தராசு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பிரிக்க விடமாட்டேன் என்றால் அந்த மேசையை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

அப்புறம் கணக்குப் பார்த்தோம். மொத்தமும் 60 டாலர்கூடத் தேறவில்லை. இரட்டை ஆண்டுக் காசு ஏழையும் வங்கியில் கொடுத்தால் மூன்றரை டாலர் கிடைக்கும். 1964 இரண்டையும் மகன் தன் ஆல்பத்தில் வைத்துக்கொண்டான்.