வெறும் ஃபிலிம் வந்ததா? முதலில் ஓரத்தைப் பாருங்கள்

வீட்டிலேயே கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவ ஆரம்பிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பழைய டேங்க், பாக்கெட்டில் பிரித்துக் கட்டிய டெவலப்பர் (ஃபிலிமில் படத்தைக் கறுப்பாக வரவழைக்கும் மருந்து), ஹைப்போ (வந்த படத்தை நிலைக்க வைக்கும் மருந்து), கறுப்புப் பை எல்லாவற்றையும் சேர்த்து ‘ஸ்டார்ட்டர் கிட்’ என்று ஆன்லைனில் விற்கும் ஒருவரிடம் 6,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. அதோடு போன ஒரு ரோலை நினைத்தால்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

கும்பகோணத்தில் என் பெரியப்பா அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், ரசீது புத்தகம் என்று நாற்பது வருஷம் ஓடிய ட்ரெடில் மிஷின். போன மாசியில் அதைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். கேமராவில் டிரை-எக்ஸ் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம் ரோல் ஒன்றைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து கூடவே நின்று 36 படம் எடுத்தேன். ஈய எழுத்துகளைச் சாக்கில் அள்ளிப் போடும்போது, பெரியப்பா குனிந்து ஒரே ஒரு ‘ழ’வை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதையும் எடுத்திருந்தேன்.

இதை யாரிடமும் கொடுக்காமல் நானே கழுவ வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் அந்த கிட்டை வாங்கினேன். இதற்கு டார்க் ரூம் தேவையில்லை. கறுப்புப் பைக்குள் இரண்டு கையையும் விட்டு, தடவித் தடவியே ஃபிலிமை ரீலில் சுற்றி டேங்கில் போட்டு மூடிவிட்டால், மீதி வேலை எல்லாம் வெளிச்சத்திலேயே நடக்கும். பாழாய்ப் போன பழைய ரோல் ஒன்றை வைத்து ஒரு வாரம் கண்ணை மூடிக்கொண்டு சுற்றிப் பழகினேன்.

டெவலப்பர் பாக்கெட்டில் கம்பெனி அச்சு எதுவும் இல்லை. ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர், மேலே மார்க்கரில் ‘டி-76, 1 லிட்டர்’. தூள் பழுப்பாக, கட்டி கட்டியாக இருந்தது. வெந்நீரில் கரைத்ததும் பால் சேர்க்காத டீ மாதிரி ஆகிவிட்டது. போட்டோ எடுத்து விற்றவருக்கு அனுப்பிக் கேட்டேன். “அது அப்படித்தான் ப்ரோ இருக்கும், பயப்படாம ஊத்துங்க” என்று பதில் வந்தது. நம்பி ஊற்றினேன்.

கும்பகோணத்துக் குழாய்த் தண்ணீர் எப்படியும் 30 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். ஐஸ் போட்ட பாத்திரத்தில் பாட்டிலை நிறுத்தி 20 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். கலக்கிய மருந்தை நீர்க்காமல் அப்படியே ஊற்றினால் டிரை-எக்ஸுக்கு ஆறே முக்கால் நிமிஷம். அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்தினேன். அப்புறம் தண்ணீர், அப்புறம் ஹைப்போ. திறந்து பார்த்தால் ஃபிலிம் கண்ணாடி மாதிரி வந்திருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு நிழல் இல்லை.

விற்றவரிடம் சொன்னதும் ஒரு நொடி யோசிக்காமல், “கேமராவுல ஃபிலிம் ஓடியிருக்காது ப்ரோ. இல்லன்னா ஷட்டர் தொறந்திருக்காது” என்றார். நானும் அதை நம்பினேன். இரண்டு நாள் தூக்கமில்லாமல், ரோலைப் போடும்போது பல்சக்கரத்தில் மாட்டினேனா, ரீவைண்ட் குமிழ் சுற்றியதா என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியப்பாவிடம், “என் தப்பு பெரியப்பா, ஃபிலிமைச் சரியா மாட்டல” என்று சொல்லியும் விட்டேன். “விடுப்பா” என்றார். அவ்வளவுதான்.

மூன்றாவது நாள், எங்கள் ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்து இப்போது மூடிவிட்ட பெரியவர் ஒருவரிடம் அந்த ஃபிலிமைக் கொண்டுபோனேன். டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தவர் படம் இருக்க வேண்டிய நடுப்பகுதியைப் பார்க்கவே இல்லை. கட்டைவிரல் நகத்தால் துளைகளுக்கு வெளியே இருக்கும் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே கடைசிவரை போனார். “எழுத்து எங்க தம்பி?” என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. அவர் பெட்டியிலிருந்து ஒரு பழைய நெகட்டிவை எடுத்துக் காட்டினார். ஓரத்தில் ஃபிலிமின் பெயர், 1, 1ஏ, 2, 2ஏ என்று எண்கள், எல்லாம் கறுப்பாக இருந்தன. இவை ஃபேக்டரியிலேயே வெளிச்சம் காட்டிப் பதித்தவை. கேமராவுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. ரோலைக் கேமராவில் போடாமலே கழுவினாலும் இந்த எழுத்து தெரிய வேண்டும்.

இதைத்தான் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓரத்தில் எழுத்து நன்றாக இருந்து நடுவில் ஒன்றுமில்லை என்றால், கேமராவிலோ மாட்டியதிலோ கோளாறு. எழுத்தும் இல்லை, படமும் இல்லை என்றால் டெவலப்பர் வேலை செய்யவில்லை. எழுத்து மங்கலாக இருந்தால் மருந்துக்குப் பலமில்லை, அல்லது நேரமோ சூடோ போதவில்லை.

என் ஃபிலிமில் ஒரு புள்ளிகூட இல்லை. ஃபிலிம் வெறுமையாக வந்ததற்குக் காரணம் கேமரா இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பெரியவர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இதைச் சொன்னதும் விற்றவர் பேச்சை மாற்றினார். “மாத்தி ஊத்தியிருப்பீங்க ப்ரோ, ஹைப்போவை மொதல்ல ஊத்தினா இப்படித்தான் வரும்.” அது உண்மைதான். ஹைப்போ முதலில் போனாலும் எழுத்தோடு சேர்த்து எல்லாம் அழிந்துவிடும். ஆனால் ஒரு ரீலுக்கு 300 மில்லி போதும் என்பதால் நான் கலக்கியதில் 700 மில்லி பாட்டிலில் மீதி இருந்தது. பெரியவர் ஒரு ரோலின் நாக்கை (கேமராவில் மாட்டுவதற்காக வெளியே நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த நுனி) இரண்டு துண்டாக நறுக்கினார். ஏற்கெனவே வெளிச்சம் பட்ட துண்டு என்பதால் நல்ல டெவலப்பரில் போட்டால் கறுத்தே ஆக வேண்டும். ஒன்றை அவர் புதிதாகக் கலக்கிய டி-76-இல் போட்டார். இரண்டு நிமிஷத்துக்குள் கரி மாதிரி ஆகிவிட்டது. இன்னொன்றை என் மருந்தில் போட்டோம். பத்து நிமிஷம் ஆகியும் வெளிறிய சாம்பல் நிறத்தைத் தாண்டவில்லை. கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து முழுவதையும் வீடியோ எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று இரண்டு நீலக் கோடு விழுந்தது. அன்று மாலை என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ரோடினால் வகை டெவலப்பர் கறுத்துப் போனாலும் வருஷக்கணக்கில் வேலை செய்யும். எக்ஸ்டால் என்ற இன்னொரு டெவலப்பர் நிறமே மாறாமல் தண்ணீர் மாதிரி இருந்துகொண்டே செத்துப்போகும். “அது அப்படித்தான் இருக்கும்” என்று ஒருவர் தைரியமாகச் சொல்ல முடிவது இதனால்தான். ஆனால் டி-76 தூள் வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பேறிக் கட்டிதட்டினால் காற்றுப் பட்டுக் கெட்டது. எந்த டெவலப்பராக இருந்தாலும், ஒவ்வொரு தடவையும் ரோலை ஊறப்போடும் முன் அந்த நாக்குத் துண்டை நனைத்துப் பாருங்கள். ரீலில் சுற்றும்போது அதை எப்படியும் வெட்டி எறியத்தான் போகிறோம். துண்டு கறுக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம், ரோல் பத்திரமாக இருக்கும். செத்த டெவலப்பரில் தெரியாமல் ஊறிய ரோலைக்கூட நல்ல மருந்தில் மறுபடி கழுவிப் பார்க்கலாம். ஹைப்போ ஊற்றிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது, கறுக்காத வெள்ளி உப்பு மொத்தத்தையும், வெளிச்சம் பதிந்ததையும் சேர்த்து, அது கரைத்து எடுத்துவிடும். என் 36 படமும் அப்படித்தான் பாத்ரூம் ஜலதாரையில் போனது.

டேங்க் கதையையும் சொல்லிவிடுகிறேன். பெரியவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, “நடுக்குழாய் எங்க?” என்றார். ரீலின் நடுவே ஒரு கறுப்புக் குழாய் நிற்க வேண்டுமாம். மருந்து ஊற்றும் வழியாக வெளிச்சம் உள்ளே போகாமல் தடுப்பதே அந்தக் குழாயும் மேலே இருக்கும் புனலும் சேர்ந்துதான். எனக்கு அனுப்பிய டேங்கில் குழாயே இல்லை. ரீல் உள்ளே லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது, புதிது என்பதால் எனக்குத் தெரியவில்லை. அதாவது டெவலப்பர் நல்லதாக இருந்திருந்தால் ஃபிலிம் முழுக்கக் கறுத்திருக்கும். எப்படியும் அந்த ரோல் பிழைத்திருக்காது. விளம்பரப் படத்தில் மூடிய டேங்கைத்தான் காட்டியிருந்தார். பழைய டேங்க் வாங்கினால் உள்ளே இருக்கும் பாகங்களைத் தனித்தனியாகப் பரப்பிப் படம் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் வாங்காதீர்கள்.

பிரித்துக் கட்டிய மருந்து வேண்டவே வேண்டாம். கம்பெனி பாக்கெட்டை வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் லேப் கெமிக்கல் கடையில் தனித்தனியாக வாங்கி நீங்களே கலக்கலாம். இப்போது நான் அப்படித்தான் செய்கிறேன். டி-76 என்றால் லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும். சல்ஃபைட் முழுவதையும் முதலில் போட்டால் மெட்டால் கரையாது. 50 டிகிரி வெந்நீரில் ஒரு சிட்டிகை சல்ஃபைட், அப்புறம் மெட்டால், அது கரைந்த பிறகு மற்றவை. பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி இறுக மூடி வைத்தால் ஆறு மாசம் தாங்கும். பாதி பாட்டில் என்றால் இரண்டு மாசத்தோடு சரி.

பெரியவர் தன் டேங்கையே எனக்குக் கொடுத்துவிட்டார். மிஷினை எடுத்துப்போன மறுநாள், காலியான அச்சகத்தில் அரை ரோல் எடுத்து வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அதைக் கழுவிக் கொடியில் தொங்கவிட்டு, முதலில் ஓரத்தைத்தான் பார்த்தேன். எண்கள் வரிசையாக, கறுப்பாக இருந்தன. அதற்குப் பிறகுதான் நடுவில் பார்த்தேன். தரையில் மிஷின் நின்ற இடம், நான்கு போல்ட் துளை, சுவரில் மை துடைத்த விரல் தடங்கள். பெரியப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.