மூன்று வருட டாப்பர்: இடது முன் கிளிப் பற்றி மட்டும்

நேற்று கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு டெய்லரிடம் என் முடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் குல்லாவோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டாப்பரை (வழுக்கை விழுந்த இடத்தை மட்டும் மூட, சுற்றியுள்ள சொந்த முடியில் கிளிப்பால் மாட்டுகிற விக்) கவிழ்த்துப் போட்டு, அடிவலையை விரலால் தடவிப் பார்த்தவர், "கிளிப்பு நல்லாத்தானம்மா இருக்கு, எதுக்குப் பிரிக்கணும்?" என்றார். ரவிக்கைக்குக் கொக்கி வைக்கிறபோது இருக்கும் அதே முகம். அந்த முகத்துக்கே நூறு ரூபாய் கொடுக்கலாம். அறுபதுதான் வாங்கினார்.

வத்தலகுண்டில் இருக்கும் தோழியின் தங்கைக்கு 26 வயது. "அக்கா, நானும் ஒண்ணு வாங்கட்டா?" என்று பத்து நாளாகக் கேட்கிறாள். முடி ரகம், நீளம், விலையெல்லாம் விற்கிறவர்களே வாய் ஓயாமல் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லாதது இந்தக் கிளிப் சமாச்சாரம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரம். மார்கழிக் காலையில் பஸ்ஸுக்கு நின்றால், முடி கொட்டிய இடத்தில் மட்டும் ஈரத்துணி போட்ட மாதிரி சில்லென்று இருக்கும். டாப்பர் மாட்டிய முதல் நாள் கண்ணாடி முன்னால் நின்று அழப்போகிறேன் என்று அம்மா பயந்தாள். நானோ "அம்மா, குளிரல!" என்றேன். இதை எந்த விளம்பரத்திலும் பார்த்ததில்லை. மஞ்சு, அதான் மூடுபனி, இறங்கினால் சாயங்காலத்துக்குள் முடி பொம்மென்று உப்பிவிடும், அதெல்லாம் பழகிவிட்டது.

கிளிப்தான் பழகவில்லை. மொத்தம் ஆறு. முதல் வருடம் ஆறும் டக் டக்கென்று கடித்து நின்றன. இரண்டாவது மழைக்காலத்தில் இடது முன் கிளிப் மட்டும் நழுவ ஆரம்பித்தது. ஈரத்தில் துருப்பிடித்துவிட்டது என்று கடைக்கு எழுதினேன். கூரியரில் அனுப்பு, மூன்று வாரம், 1,200 ரூபாய் என்றார்கள். மூன்று வாரம் நான் எதை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவது? கோபத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டேன். வளையல் கடையில் வேறு கிளிப் வாங்கி நானே தைத்தேன். அதுவும் நழுவியது.

போன மாதம் மதுரையில் டாக்டர் அந்த இடத்தில் லென்ஸை வைத்துப் பார்த்தார். "வழுக்கையோட ஓரம் நகர்ந்திருக்கும்மா" என்றார். கிளிப்பில் ஒரு குறையும் இல்லை. அது கடிக்க வேண்டிய முடிதான் அங்கே இல்லை. தினமும் காலையில் அதே இடத்தைத் தொட்டுத் தொட்டுக் கிளிப் மாட்டுகிறவள் நான். எனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

(நட்சத்திரத்தை இன்னும் மாற்றவில்லை. மூன்று வாரம் அநியாயம்தான்.)

எனக்கு இருப்பது லைக்கன் பிளானோபைலாரிஸ். முடியைத் திரும்ப முளைக்க வைக்கும் செல்கள் இருக்கிற இடத்தையே உடம்பின் எதிர்ப்பு சக்தி தாக்கி, அங்கே தழும்பாக்கிவிடும். அந்த இடம் வழவழவென்று, துளைகூடத் தெரியாது. தழும்பான இடத்தில் முடி திரும்பாது. மருந்தெல்லாம் பரவாமல் நிறுத்துவதற்குத்தான். பெரும்பாலும் நாற்பதுக்கு மேல் வருவது எனக்கு 27-ல் வந்ததால் ரெண்டு வருடம் யாருக்கும் தோன்றவில்லை. பொடுகு ஷாம்பு, இரும்புச்சத்து மாத்திரை, தைராய்டு டெஸ்ட் என்று போனது. ஏற்கெனவே எரிகிற மண்டையில் பூம்பாறைப் பூண்டை நசுக்கித் தேய்க்கச் சொன்னார் பக்கத்து வீட்டு அக்கா. தேய்த்தேன், அதைக் கேட்காதீர்கள். "பழனிக்கு மொட்டை நேர்ந்துக்கோடி, அடர்த்தியா வரும்" என்றார் பெரியம்மா. பழனியில் இறக்கும் முடி ஏலத்துக்குப் போகிறது. யாருடைய வேண்டுதலோ என் தலையில் இருந்தாலும் இருக்கும்.

கடைசியில் வழுக்கை ஓரத்துத் தோலிலிருந்து 4 மி.மீ. அளவில் ரெண்டு துண்டு எடுத்துப் பயாப்ஸி செய்தபோதுதான் பெயர் தெரிந்தது. இப்போது ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை, அது கண்ணைப் பாதிக்கலாம் என்பதால் கண் பரிசோதனை, ஓரம் நெடுக ஸ்டீராய்டு ஊசி. ஊசி குத்துகிற அதே கோட்டில்தான் கிளிப்பும் உட்காரும். ஊசி போட்ட மறுநாள் அதை மாட்டிப் பாருங்கள், பல்லைக் கடிப்பது நாமா கிளிப்பா என்று தெரியாது.

ஆகவே தங்கச்சி, இப்போதைக்கு வாங்காதே. தலை எரிகிறது, அரிக்கிறது என்கிறாயே, முதலில் பயாப்ஸி. ஓரம் ஒரு வருடமாவது அசையாமல் நிற்கட்டும். டாப்பர் வளராது, வழுக்கை வளரும். அதுவரை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 150 ரூபாய்க்குக் குல்லா கிடைக்கிறது. இந்த ஊரில் பன்னிரண்டு மாதமும் போடலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வத்தலகுண்டு வெயிலில் எப்படிப் போடுவது என்பாய். அதுவும் நியாயம்தான். பொறுக்க முடியாமல் வாங்கினால் வழுக்கையைவிட நாலு பக்கமும் ஓர் இன்ச்சாவது பெரிய வலையாக வாங்கு. கிளிப்பை விளிம்பில் தைக்காமல் உள்ளே தள்ளித் தைக்கச் சொல், ஓரம் நகர்ந்தால் கிளிப்பை வெளியே தள்ள இடம் இருக்கும். என்னுடையதை அப்படித்தான் தைத்திருந்தார்கள். அந்த ஒரு வேலையைக் கடைக்காரர் யோசித்துச் செய்திருக்கிறார், அதைச் சொல்லாமல் விட முடியாது.

டெய்லர் கிளிப்பைப் பிரித்துக் காதுப் பக்கமாக அரை இன்ச் தள்ளித் தைத்தார். இன்று காலை டக்கென்று பிடித்தது. பழைய தையல் ஓட்டையை அடைக்கவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றேன். அடுத்த தடவை தள்ள இடம் இருக்குமா என்று கேட்டேன். டேப்பை வைத்துப் பார்த்தார்.

"இன்னும் முக்கால் இன்ச் இருக்கும்மா."