கார்மென்ட்ஸ், சமையல் வேலை, வீடு: பெங்களூரில் ஒரு தாயின் மாதக் கணக்கு

பொம்மனஹள்ளியிலும் ஈஜிபுராவிலும் வாடகைக்கு இருக்கும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை பிறந்த ஏழெட்டு மாதங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: தாய் மறுபடி வேலைக்குப் போனால் கையில் ஏதாவது மிஞ்சுமா? பெரும்பாலான வீடுகளில், சம்பளத்திலிருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கழித்துப் பார்த்து அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தக் கழித்தலில் விடுபட்டுப்போவது அதிகம் என்பதால், மூன்று வழிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். சம்பளத் தொகைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை; சட்ட வரம்புகளும் விகிதங்களும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

முதல் வழி கார்மென்ட்ஸ், அதாவது ஆயத்த ஆடைத் தொழிற்சாலை வேலை. மாதம் 12,000 ரூபாய் சம்பளம் என்றால், அதில் 12 சதவீதமான 1,440 ரூபாய் பி.எஃப்.புக்கும் (வருங்கால வைப்பு நிதி), 0.75 சதவீதமான 90 ரூபாய் ஈ.எஸ்.ஐ.க்கும் (தொழிலாளர் காப்பீடு) போக, கைக்கு 10,470 ரூபாய் வரும். 2023 ஜூன் முதல் சாதாரண பி.எம்.டி.சி. நகரப் பேருந்துகளில் கர்நாடகப் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பயணச் செலவு இல்லை என்று கொள்ளலாம். ஆனால் அதற்கும் இங்குள்ள முகவரிச் சான்று வேண்டும். பக்கத்து வீட்டு அம்மாவிடம் குழந்தையை விட்டுவிட்டு 3,000 ரூபாய் கொடுத்தால் மிச்சம் 7,470. ஐம்பது பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் பேறுகால நலச் சட்டத் திருத்தம் கொண்டுவந்த விதி சொல்கிறது. அப்படியொரு காப்பகம் உண்மையிலேயே நடந்தால் அந்த 3,000 ரூபாயும் மிஞ்சக்கூடும். ஆனால் காலை ஏழரை மணிப் பேருந்தின் நெரிசலில் கைக்குழந்தையோடு ஏறி இறங்குவது என்ன பாடு என்பதைச் சட்டம் எழுதியவர்கள் பட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சமையல் வேலை. இரண்டு வீடுகளில் தலா 4,000 ரூபாய் என்றால் 8,000. பிடித்தம் எதுவும் இல்லை. பிள்ளைக்கு மூன்று வயது ஆகிவிட்டால் அங்கன்வாடி நேரத்துக்குள் வேலையை முடித்துவிடலாம். கைக்காசை மட்டும் பார்த்தால் கார்மென்ட்ஸைவிட 530 ரூபாய் கூடுதல். ஆனால் மூன்று வயதுக்குள் அங்கன்வாடியில் நாள் முழுதும் பார்த்துக்கொள்வதை எதிர்பார்க்க முடியாது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வர எல்லா வீட்டிலும் விடமாட்டார்கள். மேலும், கார்மென்ட்ஸ் பெண்ணின் பி.எஃப். கணக்கில் அவளுடைய 1,440 ரூபாயோடு முதலாளியின் பங்காக ஏறத்தாழ 440 ரூபாய் மாதந்தோறும் சேர்கிறது, சுமார் 1,000 ரூபாய் ஓய்வூதியத்துக்குப் போகிறது. அடுத்த பிள்ளை பிறக்கும்போது, அதற்கு முந்தைய இரண்டு ஆறு மாதப் பங்களிப்புப் பருவங்களில் 70 நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், ஈ.எஸ்.ஐ. 26 வாரங்களுக்கு ஊதியம் தருகிறது. 12,000 ரூபாய் சம்பளத்துக்கு அது 70,000 ரூபாய்க்கும் மேல். சமையல் வேலைக்காரிக்கு அந்த மாதங்களில் வருமானமும் இராது, திரும்பி வரும்போது அந்த வீடுகள் காத்திருக்கும் என்ற உறுதியும் இல்லை. இரண்டாவது பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் குடும்பத்துக்கு நான் கார்மென்ட்ஸையே சொல்வேன்.

மூன்றாவது, வீட்டிலேயே இருப்பது. இங்கேதான் உதவித்தொகை பற்றிய பயம் நுழைகிறது. வேலைக்குப் போனால், கர்நாடக அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதந்தோறும் தரும் கிருஹலட்சுமியின் 2,000 ரூபாய் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி விதி இல்லை. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவியாக இருக்கும் பெண்ணோ அவள் கணவனோ வருமான வரி கட்டினாலோ ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கல் செய்தாலோதான் தகுதி போகும். 12,000 ரூபாய் சம்பளத்துக்கு அந்தக் கவலை வேண்டியதில்லை. ஆகவே இந்தத் தொகையை வீட்டில் இருப்பதற்கான வரவில் சேர்ப்பது பிழை, ஏனென்றால் மூன்று வழிகளிலும் அது பொதுவானது.

வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான பி.பி.எல். ரேஷன் கார்டின் கதை வேறு. அதற்கான ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய், அதாவது மாதத்துக்கு 10,000. கணவன் ஒருவனின் கூலியே பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். ஆனால் கூலி காகிதத்தில் ஏறுவதில்லை, கார்மென்ட்ஸ் சம்பளம் ஏறுகிறது. 2024 நவம்பரில் கார்டுகளைச் சலித்தெடுக்கத் தொடங்கியபோது எழுந்த கலக்கத்தைப் பார்த்தவர்கள், எழுத்தில் வராத வேலையே மேல் என்று நினைத்தால் அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம்மவர்கள் பலருக்கோ கார்டு இன்னும் தருமபுரியிலோ திருவண்ணாமலையிலோ இருக்கிறது. அந்தக் கார்டை வைத்துக்கொண்டு கிருஹலட்சுமி கேட்க முடியாது, அங்கே 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையின் 1,000 ரூபாயும் கூட்டுக் கார்டாக இருந்தால் மாமியார் கணக்குக்கே போகும்.

ஊரிலிருந்து அம்மாவை வரவழைத்துவிட்டால் செலவே இல்லை என்பார்கள். அவர் ஊரில் பார்த்துவந்த நூறு நாள் வேலையின் கூலியையும், இரண்டு ஆட்டைக் கவனிக்க ஆள் இல்லாமல் போவதையும் யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

அலுவலக வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கணக்கு எளிது. 45,000 ரூபாய் சம்பளத்தில் டே கேருக்கு 15,000 போனாலும், தொழில்வரி 200 ரூபாய் தவிர பெரிய பிடித்தம் பி.எஃப். மட்டுமே, இங்கே வருமான வரி ஆளுக்கு ஆள் தனித்தனி என்பதால் கணவன் சம்பளம் அவள் தலையில் ஏறாது. அவளுடைய சிக்கல் பணத்தைவிட, டே கேர் மூடுவதற்குள் வெளிவட்டச் சாலையைக் கடந்து வந்துசேர்வதில்தான் இருக்கிறது.

இடைநிலையில் இருப்பவள்தான் உண்மையில் மாட்டிக்கொள்கிறாள். பிரிட்டனில் குறைந்த வருமானக்காரர்களுக்கான யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவி பெறுவோருக்கு, விலக்குத் தொகைக்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் உதவி 55 பென்ஸ் குறையும், அது சரிவு. நம்முடைய ஈ.எஸ்.ஐ.யில் இருப்பது படிக்கட்டு. மருத்துவமனையில் பில் போடும் பெண்ணின் சம்பளம் 20,800இலிருந்து 22,000 ஆனால், கூடுவது 1,200 ரூபாயும் கட்டாமல் மிஞ்சும் சந்தா 156 ரூபாயும். 21,000 வரம்பைத் தாண்டியதால் போவது கணவன், பிள்ளை, அவளை நம்பியிருக்கும் பெற்றோர் ஆகியோருக்கான மருத்துவம். ஈ.எஸ்.ஐ.யின் பங்களிப்புப் பருவம் ஏப்ரலில் தொடங்கி செப்டம்பரில் முடிவதால், சம்பள உயர்வு ஏப்ரல் முதல் தேதியே அமலானால் உடனே சந்தாவிலிருந்து வெளியேற வேண்டும். மே மாதத்திலிருந்து அமலானால் செப்டம்பர் வரை சந்தா தொடரும், அதற்குரிய பலன் காலமும் கிடைக்கும். உயர்வுக் கடிதத்தில் எந்தத் தேதி போடப்போகிறார்கள் என்பதைக் கையெழுத்துப் போடும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.