டெல்லியில் இறங்கி ஆக்ராவுக்கு ஒரு நாள்: வண்டி, கைடு, டிக்கெட் விவரம்

டொரன்டோ, லண்டன் பக்கமிருந்து ஊருக்குப் போகிறவர்களில் டெல்லி வழியாக வருகிறவர்கள், சென்னைக்கோ கொழும்புக்கோ ஏறுமுன் ஒரு நாளை ஆக்ராவுக்கு ஒதுக்குவதுண்டு. தனி வண்டி, தனி கைடு, காலையில் போய் இரவில் திரும்புவது என்று ஏஜென்ட்டுகள் விற்கிறார்கள். சேவைக்குப் பஞ்சமில்லை. ஆனால் காலை 5 மணியிலிருந்து இரவு 9 மணி வரை என்று வைத்துக்கொண்டால், சாலையிலேயே 7 மணி நேரத்துக்கு மேல் போய்விடும். மிச்சமிருக்கும் எட்டு, ஒன்பது மணி நேரத்தை யார் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே நாள் உருப்படும். அதை டிரைவரிடமும் கைடிடமும் விட்டால், தாஜ்மகாலுக்கு ஒன்றரை மணி நேரமும் பளிங்குக் கடைக்கு ஒன்றரை மணி நேரமும் கிடைக்கும்.

முதலில் கிழமை. வெள்ளிக்கிழமை தாஜ்மகால் மூடியிருக்கும். வளாகத்து மசூதியில் தொழுகைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் அனுமதி. டெல்லியிலிருந்து ஆக்ரா வரும் கதிமான் எக்ஸ்பிரஸும் அன்று ஓடாது. வெள்ளிக்கிழமைதான் கையில் இருக்கிறது என்றால் ஆக்ராவை விட்டுவிட்டு டெல்லியிலேயே ஹுமாயூன் கல்லறையைப் பார்ப்பது புத்திசாலித்தனம். தாஜ்மகாலுக்கு 60 ஆண்டுக்கு மேல் மூத்தது. நான்காய்ப் பிரித்த தோட்டம், நடுவில் மேடை, மேலே இரட்டைச் சுவர் கும்மட்டம் என்று தாஜ்மகாலின் இலக்கணம் அங்கேயே தெரியும். செங்கோட்டைக்குத் திங்கள் விடுமுறை.

அடுத்தது பருவம். கிறிஸ்மஸ், பொங்கல் விடுமுறைக்கு வருகிறவர்கள் சூரிய உதயத்தில் தாஜ்மகால் என்ற விளம்பரத்தை நம்பி விடிகாலை 2 மணிக்குக் கிளம்ப வேண்டாம். டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடிய யமுனைக் கரையில் பனிமூட்டம். பத்து மணி வரை கட்டடமே கண்ணில் படாத நாட்கள் உண்டு. சாலையிலும் அதே மூட்டம்தான். யமுனா எக்ஸ்பிரஸ்வே 165 கி.மீ.; கார்களுக்கு மணிக்கு 100 கி.மீ. வேக வரம்பு, பனிக்காலத்தில் 75 ஆகக் குறைப்பார்கள். அந்த மாதங்களில் 6 அல்லது 7 மணிக்குக் கிளம்பி, ஆக்ராவில் மற்ற இடங்களை முதலில் முடித்துவிட்டு, நண்பகலுக்குப் பிறகு தாஜ்மகாலுக்குள் நுழைவதே சரி. மே, ஜூனில் தலைகீழ்: வெயில் 45 டிகிரியைத் தொடும், பளிங்குத் தரை கண்ணைக் கூசவைக்கும். விடிந்ததும் தாஜ்மகால், வெயிலேறியதும் கோட்டை மண்டபங்களின் நிழல். அக்டோபர், நவம்பர், பிப்ரவரி, மார்ச்சில் இந்தக் கவலை குறைவு.

வண்டி பேசும்போது மொத்தத் தொகையைக் கேட்டுவிட்டு வைத்துவிடக் கூடாது. வெளியூர் ஓட்டத்துக்குப் பெரும்பாலும் ஒரு நாளுக்குக் குறைந்தது 250 கி.மீ. என்று கணக்குப் போடுவார்கள். டெல்லி–ஆக்ரா–டெல்லி ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்தால் 460 முதல் 500 கி.மீ. வரும். குறைந்த விலை சொல்கிறவர் 250க்குச் சொல்லியிருப்பார், மிச்சம் இரவு கணக்கில் ஏறும். டோல், உத்தரப் பிரதேச நுழைவு வரி, பார்க்கிங், டிரைவர் பேட்டா, இரவுக் கட்டணம் ஆகிய ஐந்தும் சேர்ந்ததா என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். வாயால் 'ஆல் இன்க்லூசிவ்' என்றால் அதில் நுழைவு டிக்கெட் இருக்காது. இருக்கிறது என்று சொன்னாலும் கல்லறை மண்டபத்துக்கான 200 ரூபாய் இருக்காது.

வண்டி வந்ததும் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் வாடகை வண்டி. வெள்ளைப் பலகை என்றால் சொந்த வண்டியைக் கள்ளத்தனமாக ஓட்டுகிறார். விபத்தானால் பயணிக்கு இன்சூரன்ஸ் கிடைப்பது சிக்கல், வழியில் போலீஸ் நிறுத்தினால் ஒரு மணி நேரம் போச்சு. பிறகு குனிந்து டயர். எக்ஸ்பிரஸ்வே முழுக்க சிமென்ட் கான்கிரீட். கோடையில் அது சூடேறி, தேய்ந்த டயரை நூறு கி.மீ. வேகத்தில் வெடிக்க வைக்கும். டயரின் பள்ளங்கள் தேய்ந்து வழுக்கையாக இருந்தால் வேறு வண்டி கேட்பதில் வெட்கமில்லை.

டிரைவரைக் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "நேத்து ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீங்க?" நள்ளிரவு விமானத்துக்கு ஆளை இறக்கிவிட்டு, நேரே நம்மை ஏற்ற வருகிறவர்கள் இருக்கிறார்கள். திரும்பும்போது வளைவே இல்லாத சாலை, இருட்டு, மதியச் சாப்பாடு. கண் செருகுவது அப்போதுதான். முன் சீட்டில் பேச்சுக் கொடுக்கத் தெரிந்தவரை உட்கார வையுங்கள்.

டிக்கெட்டில்தான் வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் குழம்புகின்றன, ஏனென்றால் ஒரே வண்டியில் நான்கு விதப் பாஸ்போர்ட் இருக்கும். தாஜ்மகாலுக்கு இந்தியர் 50 ரூபாய், சார்க் (தெற்காசிய) மற்றும் பிம்ஸ்டெக் (வங்காள விரிகுடா) கூட்டமைப்பு நாட்டவர் 540, மற்ற வெளிநாட்டவர் 1,100. மேடையேறிக் கல்லறை மண்டபத்துக்குள் போக எல்லாருக்கும் கூடுதலாக 200. பதினைந்து வயதுக்குக் கீழ் டிக்கெட் இல்லை. வயதைக் காட்டப் பாஸ்போர்ட் வேண்டும். 2021 மார்ச் மாத உள்துறை அறிவிக்கையின்படி ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வைத்திருப்பவர்களுக்குத் தேசிய நினைவுச்சின்னங்களில் இந்தியர் கட்டணமே. இலங்கைப் பாஸ்போர்ட் சார்க் கணக்கில் வரும். ஆனால் யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது கனடியப் பாஸ்போர்ட் மட்டும் வைத்திருப்பவருக்கு 1,100தான். பிறந்த ஊர் கணக்கில் வராது, கையிலிருக்கும் பாஸ்போர்ட்தான் பேசும்.

ஒரு வண்டியைக் கணக்குப் போட்டால் இப்படி வரும். ஓசிஐ உள்ள கணவர் 250. ஓசிஐ இல்லாத கனடிய மனைவி 1,300. கொழும்பிலிருந்து வந்த மாமி 740. சென்னை மச்சான் ஆதாருடன் 250. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஆக 2,540. ஏஜென்ட் எல்லாரையும் 'ஃபாரினர்' என்று போட்டால் நான்கு பெரியவர்களுக்கு 5,200. வித்தியாசம் யார் பைக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே டிக்கெட்டை ஏஜென்ட்டிடம் விடாமல் இந்தியத் தொல்லியல் துறையின் தளத்தில் நீங்களே எடுங்கள்; ஆன்லைனில் சிறு தள்ளுபடியும் உண்டு. ஓசிஐ அட்டையின் அசல் கையில் இருக்க வேண்டும், போனில் உள்ள படத்தை வாசலில் ஏற்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கட்டணங்கள் அவ்வப்போது மாறுவதால் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடவும்.

டிக்கெட் உள்ளே நுழைந்ததிலிருந்து 3 மணி நேரத்துக்குத்தான். போதும். நேரம் கரைவது வாசலில். பெட்ரோல், டீசல் வண்டிகள் பக்கத்தில் போக முடியாது; கிழக்கு வாசலுக்கு ஷில்ப்கிராம் பார்க்கிங்கில் இறங்கி, சுமார் ஒரு கி.மீ. பேட்டரி வண்டியில் போக வேண்டும். தெற்கு வாசலில் உள்ளே விடுவதில்லை. மேற்கு வாசலில் உள்ளூர்க் கூட்டம் அதிகம். பாதுகாப்புச் சோதனை ஆண்கள், பெண்களுக்குத் தனித்தனி வரிசை, ஆகவே குடும்பம் பிரியும். எங்கே மறுபடி சேர்வது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். தின்பண்டம், வெற்றிலை பாக்கு, புகையிலை, சார்ஜர், ஹெட்போன், டிரைபாட், பெரிய பை எதுவும் உள்ளே போகாது. கைப்பையின் ஓரத்தில் கிடக்கும் ஒரு டாஃபிக்காக வரிசையை விட்டு வெளியே வந்து லாக்கரில் வைத்துவிட்டு மறுபடி நிற்பவர்களை எந்த நாளும் பார்க்கலாம். போன், சிறிய கேமரா, தண்ணீர் போத்தல், மருந்து போதும். முறுக்கு டப்பா வண்டியிலேயே இருக்கட்டும்.

கைடு டெல்லியிலிருந்து கூட வரமாட்டார். ஆக்ராவில் பார்க்கிங்கில் ஏறிக்கொள்வார். கழுத்தில் படத்துடன் உரிம அட்டை தொங்க வேண்டும், மத்திய சுற்றுலா அமைச்சகம் கொடுத்ததோ உத்தரப் பிரதேச சுற்றுலாத் துறை கொடுத்ததோ. பார்க்கிங்குக்கும் வாசலுக்கும் நடுவே தொற்றிக்கொள்கிறவர்களை ஆக்ராவில் 'லப்கா' என்பார்கள். "கவுன்டர் மூடியாச்சு", "வரிசை மூணு மணி நேரம், நான் குறுக்கு வழியில கூட்டிட்டுப் போறேன்" என்பதுதான் அவர்களின் பாட்டு. நிற்காமல், பதில் சொல்லாமல் நடந்தால் விட்டுவிடுவார்கள். தமிழில் விளக்கும் கைடை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆங்கிலமும் இந்தியும் புரியாத பெரியவர்கள் கூட இருந்தால், இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தும்படி கைடிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் யாராவது மொழிபெயர்க்க முடியும்.

கைடின் தரத்தைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். ஷாஜகான் கொத்தர்களின் கையை வெட்டினார் என்று ஆரம்பித்தால் அதற்குச் சான்றில்லை. ஆற்றுக்கு அப்பால் கறுப்புத் தாஜ்மகால் கட்டவிருந்தார் என்றால், அங்கே மெஹ்தாப் பாக் தோட்டத்தில் தோண்டிப் பார்த்தபோது அப்படி ஒரு அஸ்திவாரம் கிடைக்கவில்லை. கிடைத்தது தாஜ்மகாலின் பிம்பம் விழும் எண்கோணக் குளம். நல்ல கைடு வேறு விதமாகத் தொடங்குவார். மேற்கே மசூதி, கிழக்கே அதே அச்சில் நிற்கும் கட்டடம் வெறும் சமநிலைக்காக, அதற்குப் பெயரே 'ஜவாப்', அதாவது பதில். இவ்வளவு சமச்சீரில் ஒன்றே ஒன்று பிசகியிருக்கும்: மும்தாஜின் கல்லறை நட்டநடுவில், ஷாஜகானுடையது பிறகு பக்கத்தில் செருகியது. 1631இல் மும்தாஜ் புர்ஹான்பூரில் இறந்தார், மறு ஆண்டு வேலை தொடங்கியது என்ற வரிசையோடு இதைச் சொன்னால் பிசகு புரியும். மேலே பார்ப்பவை அடையாளக் கல்லறைகள்தான், உண்மையானவை கீழறையில். அது ஷாஜகானின் உர்ஸ் (நினைவு விழா) நாட்களில் மட்டும் திறக்கும். உள்ளே படமெடுக்கக் கூடாது, நின்று கேட்கவும் விடமாட்டார்கள். ஆகவே விளக்கத்தையெல்லாம் தோட்டத்திலேயே முடித்துவிட்டு ஏறுவது நல்லது.

முழங்கால் வலிக்காரர்களுக்கு: தோட்டத்தின் நீளமே 300 மீட்டர் அளவு, அதற்குமேல் மேடைக்குச் செங்குத்தான படி. காலணிக்கு மேல் உறை போட்டு ஏறும்போது வழுக்கும். கைப்பிடிச் சுவரோரம் ஏறுங்கள்.

ஆக்ரா கோட்டைக்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும். அக்பர் 1565இல் செங்கல்லால் ஆன பழைய கோட்டையை மாற்றிச் செம்மணற்கல்லில் எழுப்பத் தொடங்கினார். ஷாஜகான் பளிங்கைச் சேர்த்தார். 1658 முதல் 1666இல் சாகும்வரை அதே பளிங்குக்குள் மகனால் அடைபட்டுக் கிடந்தார். பெரும்பகுதி இன்றும் ராணுவத்திடம் இருப்பதால் பார்ப்பது ஒரு மூலைதான். திவான்-இ-ஆம் என்ற பொது தர்பார் மண்டபத்தின் எதிரே, 1857இல் இறந்த ஜான் கால்வின் என்ற ஆங்கில அதிகாரியின் கல்லறை முகலாய முற்றத்தில் பொருந்தாமல் நிற்கும். கைடுகள் கவனியாமல் தாண்டுவார்கள், கேளுங்கள்.

மூன்றாவது இடமாக ஃபதேபூர் சிக்ரியைச் சேர்க்கிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆக்ராவுக்கு மேற்கே 40 கி.மீ. அளவு; போக வர, உள்ளே நடக்க என்று நான்கு மணி நேரம் விழுங்கும். அதற்குப் பதில் இதிமாத்-உத்-தௌலா கல்லறை. நூர்ஜகான் தன் தந்தைக்கு 1622–1628இல் கட்டியது, ஆற்றின் கிழக்குக் கரை, ஒரு மணி நேரம் போதும், கூட்டமும் குறைவு. வெண்பளிங்கில் வண்ணக்கல் பதிக்கும் 'பர்ச்சின் காரி' வேலையை மூக்கு உரசும் தூரத்தில் பார்க்கலாம். ஏஜென்ட்டின் பட்டியலில் இது இருக்காது. போகும் வழியில் கமிஷன் கடை இல்லையோ என்னவோ.

அந்தக் கடைகளைப் பற்றி. "ஷாஜகான் காலத்துக் கைவினைஞர்களின் வாரிசுகள், பத்து நிமிடம், வாங்க வேண்டாம்" என்று வண்டி திரும்பும். வாசலில் இருவர் உட்கார்ந்திருப்பார்கள். பளிங்குப் பலகையில் மருதாணிச் சிவப்பு பூசி, மேலே ஊசியால் கோடு கிழித்துக் குடைவது ஒருவர். வில் கயிற்றால் சுழலும் சாணைக்கல்லில் நகத்துண்டு அளவுள்ள கார்னீலியன் என்ற சிவப்புக் கல்லைத் தேய்த்து இதழாக்குவது இன்னொருவர். ஒரு பூவுக்கு எத்தனை துண்டு என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். இந்த இடம் பார்க்கத் தகுந்ததே. அடுத்த கதவு ஷோரூம். விளக்கை அணைத்து, அடியில் டார்ச் அடிப்பார்கள், கல் ஒளிரும். மக்ரானா பளிங்கு ஒளியை விடும், உண்மை. அலபாஸ்டரும் விடும், அதனால் டார்ச் மட்டும் சோதனையாகாது. அடிப்பக்கத்தை நகத்தால் கீறுங்கள். மாக்கல்லிலும் அலபாஸ்டரிலும் கோடு விழும், பளிங்கில் விழாது. வீட்டுக்கே அனுப்பித் தருகிறோம் என்பதில் கனடாவிலோ லண்டனிலோ விழும் சுங்க வரி சேராது. கடை வேண்டாம் என்றால் பேசும்போதே "ஷாப்பிங் ஸ்டாப் கிடையாது" என்று எழுதி வாங்குங்கள். அதனால் வாடகை கொஞ்சம் ஏறும். கமிஷனை எதிர்பார்த்துத்தான் முதல் விலையைக் குறைத்திருப்பார்.

பேட்டா என்றால் நமக்கு டிரைவர் படி. ஆக்ராவில் 'பேட்டா' ஒரு மிட்டாய்: சாம்பல் பூசணியைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துச் சர்க்கரைப் பாகில் காய்ச்சியது. இலங்கையில் கிறிஸ்மஸ் கேக்கில் போடும் பூசணி தோசி தெரிந்தவர்களுக்கு நாக்கு உடனே அடையாளம் காணும். உலர்ந்த வகையை வாங்கினால் ஊர்வரை தாங்கும், பாகில் மிதக்கும் அங்கூரி வகை பெட்டியில் ஒழுகும்.

அன்றிரவே விமானம் என்றால் ஆக்ராவிலிருந்து டெல்லி விமான நிலையத்துக்கு 5 மணி நேரம் ஒதுக்குங்கள். எக்ஸ்பிரஸ்வே முடிந்ததும் நொய்டாவிலிருந்து ஊரைக் குறுக்கே கடப்பதிலேயே ஒன்றரை மணி நேரம் போகும். நள்ளிரவு விமானத்துக்கு மாலை 4 மணிக்கு வண்டி நகர்ந்திருக்க வேண்டும். சாலை வேண்டாம் என்பவர்களுக்குக் கதிமான்: காலை 8 மணிக்குச் சற்றுப் பின் நிஜாமுதீனில் ஏறினால் 100 நிமிடத்தில் ஆக்ரா கன்டோன்மென்ட், மாலையில் 6 மணிக்குச் சற்று முன் திரும்பும். அங்கே உள்ளூர் வண்டி மட்டும் பேசினால் போதும். சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் டெல்லிவரை போய்த் திரும்பவே தேவையில்லை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஆக்ரா கன்டோன்மென்டில் நின்றுதான் போகிறது.