செஞ்சியா, வேலூரா: ஒரு நாள் லீவுக்கு எந்தக் கோட்டை?

பொங்கல் லீவில் கோட்டை பார்க்கலாம் என்றதும் வீட்டில் இரண்டு கட்சி. அம்மாவும் மச்சானும் வேலூர், நானும் பையனும் செஞ்சி. வேலூரை நான் ஏற்கெனவே பார்த்தவன் என்பதால் விடாப்பிடியாகச் செஞ்சிக்கே இழுத்துக்கொண்டு போனேன்.

வேலூரின் வசதியைச் சொல்லவே வேண்டாம். ஊர் நடுவில், சமதரையில், அகழி சூழ நிற்கிறது. ஜலகண்டேசுவரர் கோயில், மசூதி, தேவாலயம், அருங்காட்சியகம் எல்லாம் ஒரே மதிலுக்குள். கண்டியின் கடைசி மன்னரைச் சிறைவைத்த இடம். 1806 ஜூலை 10 அன்று விடியுமுன் ஆங்கிலேயருக்கு எதிராகச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் இங்கேதான். ஆனால் அன்றைக்கே ஆற்காட்டுக் குதிரைப்படை வந்து அடக்கிவிட்டது.

செஞ்சியோ எட்டு வருஷம் தாங்கியது. சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே. 1690 முதல் 1698 வரை ஔரங்கசீப்பின் படை வெளியே. அதுவும் ராஜாராம் தப்பிப் போன பிறகுதான் கோட்டை விழுந்தது. ஏன் அவ்வளவு காலம் என்பது கோட்டையின் ராஜகிரிக் குன்றில் ஏறினால்தான் தெரியும். சுமார் 800 அடி. படிகள் சீராக இல்லை, பாதி வழியில் நிழலும் இல்லை. மூச்சு வாங்க ஒரு வாசலைத் தாண்டினால் மேலே இன்னொன்று. உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து கிடக்கிறது. பாலத்தின் மேல்தான் கடக்க வேண்டும். "பாலத்தை எடுத்துட்டா எப்படிப்பா வருவாங்க?" என்றான் பையன். எந்த அருங்காட்சியகத்திலும் அவன் இப்படிக் கேட்டதில்லை.

ஆக, எல்லாம் முழங்காலைப் பொறுத்தது. அம்மா அடிவாரத்துக் கல்யாண மகாலோடு நின்றுவிட்டார். புளிசாதப் பையைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்றுவதே அவருக்குப் பெரும்பாடு. களஞ்சியம், யானைக்குளம், வேங்கடரமணர் கோயில் எல்லாம் கீழேயே இருப்பதால் ஏறாதவர்களுக்கும் பொழுது போகும். (புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை.) சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள, இதே கோட்டையின் கிருஷ்ணகிரிக் குன்றில் ஏற்றம் குறைவு என்கிறார்கள், நான் ஏறியதில்லை.

சிற்பங்களை நிழலில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் வேலூர்தான். 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பன்னிரண்டு மராத்தியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டுமே. இனி கூட்டம் கூடலாம். நாங்கள் போனது தை மாதம், காலையிலேயே ஏறிவிட்டோம். சித்திரை வெயிலில் என்றால் நானே மச்சான் கட்சிக்கு மாறிவிடுவேன்.